மாடியில் கணினி, ஹாலில் டிவி

பல வீடுகளில் வீடியோ இன்றும் மாடிப்படி வழியாகத்தான் டிவிக்கு வந்து சேர்கிறது. மாடி அறைக் கணினியில் இருக்கும் படத்தைப் பென்டிரைவில் ஏற்ற வேண்டும், கீழே இறங்க வேண்டும், டிவியின் முதுகைத் தடவித் தடவித் துளையைக் கண்டுபிடித்துச் செருக வேண்டும். அதன் பிறகு திரையில் ஒரு வரி வரும்: இந்த ஃபைலைத் திறக்க முடியாது. இல்லையென்றால் படம் ஓடும், சத்தம் வராது. சில நேரம் ஃபைல் பென்டிரைவில் ஏறவே மறுக்கும். எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவ் 64 ஜிபி கொள்ளளவு உடையதாக இருந்தாலும், 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றை ஃபைலை அது ஏற்காது. மறுபடியும் மாடி ஏற வேண்டியதுதான்.

டிவிக்குக் கீழே வைஃபை உள்ள செட்டாப் பாக்ஸ் ஒன்று இருந்தால் இந்த ஏற்ற இறக்கம் தேவையில்லை. வீட்டு ரவுட்டர் வழியாகவே கணினியில் உள்ள வீடியோவைப் பெட்டி எடுத்துக்கொள்ளும். இதற்கு இணைய டேட்டா செலவாகுமோ என்று பலர் தயங்குகிறார்கள். வீடியோ வீட்டு வாசலைத் தாண்டுவதே இல்லை. மாடியிலிருந்து ரவுட்டருக்கும் ரவுட்டரிலிருந்து ஹாலுக்கும் போவதோடு சரி.

வழிகள் சில இருக்கின்றன. எதில் போனாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றே: சுருக்கி வைக்கப்பட்ட வீடியோவை விரித்துப் படமாக்கும் வேலையை யார் செய்யப்போகிறார்கள், கணினியா பெட்டியா? படம் விட்டு விட்டு ஓடுவது, கணினி கொதிப்பது, உதடும் பேச்சும் ஒட்டாமல் போவது ஆகிய கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த வேலைப் பிரிவினை தவறியதால் வருபவை.

விடுதி மாணவர்களின் சூழ்ச்சி

இந்தத் தொழில்நுட்பத்தின் ஒரு கிளை பாரிஸ் அருகே இருந்த எகோல் சென்ட்ரால் பொறியியல் கல்லூரியின் விடுதியில் முளைத்தது. 1990களின் நடுவில் அந்த வளாகத்து நெட்வொர்க் ஆமை வேகத்தில் இருந்தது. அதை நடத்தி வந்தவர்களும் மாணவர்களே. கணினி விளையாட்டு ஆடுவதற்கு வேகமான நெட்வொர்க் வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்க முடியுமா? கௌரவமான காரணம் ஒன்று தேவைப்பட்டது. ஒரே ஒரு டிஷ் ஆன்டெனா வைத்து, அதில் வரும் சாட்டிலைட் டிவியை நெட்வொர்க் வழியாக ஒவ்வொரு அறைக் கணினிக்கும் அனுப்பிக் காட்டுகிறோம் என்றார்கள். 1996-இல் அப்படித் தொடங்கிய மாணவர் திட்டத்தின் பெயர் வீடியோலேன். அனுப்பும் பக்கத்துக்கு ஒரு மென்பொருள், வாங்கும் பக்கத்துக்கு ஒன்று. வாங்கும் பக்கத்தின் பெயர் வீடியோலேன் கிளையன்ட், சுருக்கமாக விஎல்சி. 2001-இல் அது கட்டற்ற உரிமத்தில் வெளியானது. இன்று உலகம் முழுக்கக் கணினிகளில் இருக்கும் அந்த ஆரஞ்சுக் கூம்பு, விடுதி மாணவர்கள் சேர்த்து வைத்திருந்த சாலைக் கூம்புகளின் நினைவுதான்.

அதே பிரான்சில் ஃப்ரீ என்ற இணைய நிறுவனம் 2005-இல் ஃப்ரீபிளேயர் என்றொரு வசதியைத் தந்தது. வாடிக்கையாளர் தன் கணினியில் விஎல்சியை ஓட விடுவார். அவருடைய டிவியோடு இணைந்த ஃப்ரீபாக்ஸ் பெட்டி அந்த வீடியோவை வாங்கித் திரையில் காட்டும். இந்த அத்தியாயம் சொல்லும் வேலையை அன்றே பிரெஞ்சுக் குடும்பங்கள் செய்துவிட்டன.

எந்தப் பெட்டி?

கேபிள் ஆபரேட்டர் தந்த சாதாரணப் பெட்டி இதற்கு ஆகாது. கேபிளில் வரும் சேனலைப் பிரித்துக் காட்டுவது மட்டுமே அதற்குத் தெரியும். முன்பக்கம் யுஎஸ்பி துளை இருந்தாலும் அது பென்டிரைவுக்குத்தான். தேவைப்படுவது ஆண்ட்ராய்டு டிவி, கூகுள் டிவி, ஃபயர் டிவி போன்ற இயங்குதளம் உள்ள பெட்டி அல்லது ஸ்டிக். டிடிஎச் நிறுவனங்களே இப்படிப்பட்டவற்றைத் தருகின்றன: 2019-இல் வந்த ஏர்டெல் எக்ஸ்ட்ரீம் பாக்ஸ், 2020-இல் டாடா ஸ்கை வெளியிட்ட பின்ஜ் பிளஸ் ஆகியவை ஆண்ட்ராய்டு டிவியில் ஓடுபவை. இணைய இணைப்போடு இலவசமாக வரும் சில பெட்டிகளில் கூகுள் பிளே ஸ்டோர் இருக்காது, நிறுவனத்தின் சொந்தக் கடை மட்டும் இருக்கும். விவரப்பட்டியலைப் படித்து மண்டையை உடைத்துக்கொள்வதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு. பெட்டியின் ஆப் கடையில் விஎல்சியைத் தேட வேண்டும். கிடைத்து, நிறுவவும் முடிந்தால் அந்தப் பெட்டி போதும்.

பெயர் தெரியாத மலிவுப் பெட்டிகளிடம் எச்சரிக்கை வேண்டும். டி95 என்ற பெயரில் விற்ற ஆண்ட்ராய்டு பெட்டியில் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே தீநிரல் குடியிருந்ததை 2023-இல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் கண்டுபிடித்தார். பேட்பாக்ஸ் என்று பெயரிடப்பட்ட அந்த வகைத் தொற்றைப் பற்றி 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ பொதுமக்களுக்கே எச்சரிக்கை விட்டது. எல்லா ஓடிடியும் வாழ்நாள் முழுக்க இலவசம் என்று அட்டையில் அச்சிட்டு வரும் பெட்டி வீட்டு நெட்வொர்க்கில் உட்காரத் தகுதியற்றது.

திரையை அனுப்புவதா, ஃபைலை அனுப்புவதா

எல்லோரும் முதலில் முயல்வது திரையை அப்படியே டிவியில் விழ வைப்பது. விண்டோஸ் பொத்தானோடு கே எழுத்தைச் சேர்த்து அழுத்தினால் பக்கத்தில் உள்ள டிவிகளின் பட்டியல் வரும். இதன் அடியில் இருப்பது வைஃபை அலையன்ஸ் 2012-இல் கொண்டுவந்த மிராகாஸ்ட். லேப்டாப்பில் உள்ள புகைப்படங்களைக் காட்டவும் ரயில் டிக்கெட் பதியும்போது குடும்பமே கூடிப் பார்க்கவும் இது நல்ல வழி. இரண்டரை மணி நேரப் படத்துக்குச் சரிப்படாது. கணினி முதலில் வீடியோவை விரித்துத் தன் திரையில் தீட்டுகிறது. தீட்டிய திரையை மறுபடியும் சுருக்கிக் காற்றில் அனுப்புகிறது. பெட்டி அதை மறுபடி விரிக்கிறது. துவைத்து மடித்த வேட்டியை உதறி, திரும்ப மடித்து, திரும்ப உதறுவதுபோல. ஒவ்வொரு மடிப்பிலும் தெளிவு கொஞ்சம் குறையும், தாமதம் கொஞ்சம் கூடும். விருந்தினர் நிறைந்த ஹாலில், படத்தின் நடுவே, மூலையில் வாட்ஸ்அப் செய்தி எட்டிப் பார்க்கும் சங்கடமும் உண்டு. ஓடிடி படங்கள் இந்த வழியில் கறுப்புச் செவ்வகமாகத் தெரிந்தால் பழுதென்று எண்ண வேண்டாம், காப்புரிமைப் பூட்டு தன் வேலையைச் செய்கிறது. இன்னொன்று: கூகுளின் குரோம்காஸ்ட் சாதனங்கள் மிராகாஸ்ட்டை ஏற்பதில்லை. அங்கே குரோம் பிரவுசரில் உள்ள காஸ்ட் பொத்தான்தான் கதவு.

அந்தக் குரோம்காஸ்ட் 2013-இல் 35 டாலருக்கு வந்தபோது கொண்டுவந்த யோசனை வேறு. கைபேசியோ கணினியோ வீடியோவை அனுப்புவதில்லை, முகவரியை மட்டும் சொல்கிறது. டிவியில் செருகிய சாதனம் தானே போய் எடுத்துக்கொள்கிறது. யூடியூபுக்கு இது அருமை. வன்தட்டில் உள்ள சொந்த வீடியோவுக்கு எந்த முகவரியைச் சொல்வது? 2018 பிப்ரவரியில் வந்த விஎல்சியின் 3.0 பதிப்பு இதற்கு விடை வைத்திருந்தது. அதன் பிளேபேக் மெனுவில் ரெண்டரர் என்ற வரியைத் திறந்து டிவியைத் தேர்ந்தால், விஎல்சி கணினியையே ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையமாக்கிவிடும். டிவிப் பக்கத்துக்குப் புரியாத வகை ஃபைல் என்றால் ஓட ஓடவே மாற்றித் தரும். அப்போது கணினியின் விசிறிச் சத்தம் கீழே ஹால்வரை கேட்கலாம்.

இந்தச் சாதனங்கள் தங்கள் நிறுவனத்தின் தயவில் வாழ்பவை என்பதையும் மறக்க முடியாது. 2025 மார்ச்சில் ஒரு நாள் உலகெங்கும் இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்ட்கள் திடீரென்று கை விரித்தன. உள்ளே வைத்திருந்த பத்தாண்டுச் சான்றிதழ் காலாவதியானதே காரணம். கூகுள் புதிய மென்பொருள் அனுப்பிச் சரி செய்யும்வரை நல்ல நிலையில் இருந்த சாதனங்கள் சும்மா கிடந்தன.

மூன்றாவது வழியில் கணினி எதையும் தள்ளுவதில்லை. ஃபோல்டரைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பெட்டி வந்து ஃபைலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத் தானே விரித்துக்கொள்கிறது. இதற்காகவே செய்த சிப் பெட்டிக்குள் இருப்பதால் அதற்கு இது விளையாட்டு. கணினி பத்து வருடப் பழையதாக இருந்தாலும் பாதகமில்லை. சொந்த வீடியோ சேகரிப்பு உள்ளவர்கள் நேரே இங்கே வந்துவிடலாம். முதல் இரண்டும் அவசரத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டியவை.

ஃபோல்டரைத் திறந்து வைப்பது

சோனியும் இன்டெலும் முன்னின்று 2003-இல் உருவாக்கிய கூட்டமைப்பு பிறகு டிஎல்என்ஏ என்ற பெயர் பெற்றது. 2017-இல் அமைப்பு கலைந்துவிட்டாலும் அதன் மொழியைப் பேசும் டிவிகளும் பெட்டிகளும் இன்னும் ஏராளம். விண்டோஸின் கன்ட்ரோல் பேனலில் மீடியா ஸ்ட்ரீமிங்கை இயக்கினால் கணினியின் பெயர் டிவியின் மூலப் பட்டியலில் தோன்றும். எளிது, ஆனால் பெட்டிக்குப் புரியாது என்று தான் நினைக்கும் ஃபைலைக் கணினி பட்டியலிலேயே காட்டாமல் விடுவதும் உண்டு.

அதைவிட நம்பகமானது ஃபோல்டரை நெட்வொர்க்கில் பகிர்ந்து, பெட்டியில் உள்ள விஎல்சி அல்லது கோடி மூலம் திறப்பது. கோடி 2000களின் தொடக்கத்தில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காக ஆர்வலர்கள் எழுதிய மென்பொருள். 2014-இல்தான் இந்தப் பெயருக்கு மாறியது. கணினியில் வீடியோ ஃபோல்டரை வலது கிளிக் செய்து, ப்ராபர்ட்டீஸ் போய், ஷேரிங் பகுதியில் பகிர வேண்டும். படிக்கும் உரிமை மட்டும் போதும். எழுதும் உரிமையையும் கொடுத்தால் ரிமோட்டோடு விளையாடும் குழந்தை படத்தை அழித்துவிடலாம்.

இங்கே வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள் மூன்று.

பெட்டி கேட்கும் பாஸ்வேர்டாக விண்டோஸில் தினமும் அடிக்கும் நான்கு இலக்கப் பின் எண்ணைக் கொடுத்துவிட்டு, தவறு தவறு என்று வருவதைப் பார்த்து நொந்துபோகிறவர்கள் அதிகம். பின் எண் அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கானது. நெட்வொர்க் வழியே வருபவருக்குக் கணக்கின் முழுப் பாஸ்வேர்டு வேண்டும், பலருக்கு அது மின்னஞ்சலின் பாஸ்வேர்டாகவே இருக்கும். டிவிக்கென்றே கணினியில் ஒரு தனிப் பயனர் கணக்கை உருவாக்கி அதற்கு ஒரு பாஸ்வேர்டு வைப்பது சுத்தமான தீர்வு. வங்கிக் கடிதம் வரும் மின்னஞ்சலின் பாஸ்வேர்டை ஹால் டிவியில் சேமித்து வைக்க வேண்டிய அவசியமும் இருக்காது.

பழைய பெட்டிகளுக்குக் கணினியே தெரியாமல் போவதற்கு வேறு கதை. ஃபைல் பகிர்வு நடக்கும் எஸ்எம்பி மொழியின் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதம் வானாக்ரை வைரஸ் உலகைச் சுற்றி வந்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் முதல் பதிப்பை இயல்பாக நிறுவுவதை நிறுத்திவிட்டது. முதல் பதிப்பு மட்டுமே தெரிந்த பெட்டிக்காக அதைத் திரும்ப இயக்கச் சொல்லும் யோசனைகள் கிடைக்கும். செய்யக் கூடாது. பெட்டியில் உள்ள ஆப்பைப் புதுப்பித்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மூன்றாவது, தூக்கம். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மேலே கணினி உறங்கிப் போகும். விசைப்பலகையை யாரும் தொடவில்லையே. பவர் அமைப்பில் திரை அணையட்டும், கணினி உறங்க வேண்டாம் என்று வைக்க வேண்டும். லேப்டாப் என்றால் மூடியைச் சாத்தினால் என்ன ஆகும் என்பதையும் அங்கேயே மாற்றலாம். வீட்டு வைஃபை விண்டோஸில் பப்ளிக் என்று பதிவாகியிருந்தால் பிரைவேட் என்று திருத்துவதும் இதே அமர்வில் முடிய வேண்டிய வேலை. ரவுட்டரின் விருந்தினர் வைஃபையில் பெட்டி இணைந்திருந்தால் அதற்கு வீட்டுக் கணினி கண்ணில் படாது.

காற்றில் எவ்வளவு ஓடும்

ஒரு வீடியோவுக்கு எவ்வளவு வேகம் வேண்டும் என்பதைக் கணக்கிட ஃபைலின் அளவும் நீளமும் போதும். இரண்டரை மணி நேரப் படம் 4.5 ஜிபி என்றால்: 4500 எம்பியை 8ஆல் பெருக்கி 9000 நொடியால் வகுத்தால் நொடிக்கு 4 மெகாபிட். எந்த வைஃபையும் இதைத் தாங்கும். கைபேசியில் எடுத்த 4கே வீடியோதான் ஆளை அசத்தும். நொடிக்கு 30 பிரேம் கொண்ட 4கே வீடியோ நிமிடத்துக்கு 170 எம்பி பிடிக்கும் என்று ஐபோனின் கேமரா அமைப்புத் திரையே சொல்கிறது. கணக்குப் போட்டால் நொடிக்கு 23 மெகாபிட் ஆகிறது. குழந்தையின் பிறந்தநாள் வீடியோ சினிமாவைவிட ஐந்து மடங்குக்கும் மேல் கனமானது.

கணினி, பெட்டி இரண்டுமே வைஃபையில் இருந்தால் ஒரே வீடியோ காற்றில் இரண்டு தடவை பயணம் செய்கிறது: கணினியிலிருந்து ரவுட்டருக்கு ஒருமுறை, ரவுட்டரிலிருந்து பெட்டிக்கு ஒருமுறை. பாதி வேகம் அங்கேயே போய்விடும். கணினியை மட்டுமாவது லேன் கேபிளால் ரவுட்டரோடு இணைத்தால் நிலைமை மாறும். 100 மீட்டர்வரை அந்தக் கேபிள் சளைக்காது. மாடிக்கு எவ்வளவு தூரம் வந்துவிடப்போகிறது? 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை கான்கிரீட் தளத்தை ஓரளவு ஊடுருவும், ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பில் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அங்கேதான் கூச்சலிடும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவர் கண்டால் சோர்வது. ரவுட்டரும் பெட்டியும் ஒரே அறையில் இருந்தால் 5-ஐத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். வேடிக்கை என்னவென்றால், பல பெட்டிகளில் உள்ள லேன் துளை 100 மெகாபிட்டோடு நின்றுவிடுவதால், நல்ல 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அதைவிட வேகமாக ஓடக்கூடும்.

அடுக்குச் சாப்பாடு

எம்கேவி என்பது வீடியோ வகை அல்ல, டிபன் கேரியர். ஒரு அடுக்கில் படம், ஒன்றில் ஒலி, இன்னொன்றில் சப்டைட்டில். இந்த வடிவத்தை உண்டாக்கியவர்கள், ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் ரஷ்ய மத்ரியோஷ்கா பொம்மையை நினைத்தே அதற்கு மத்ரோஸ்கா என்று பெயர் வைத்தார்கள். கேரியரைத் திறக்கத் தெரிந்தாலும் உள்ளே உள்ள பதார்த்தம் ஒத்துக்கொள்ள வேண்டுமே. படம் ஓடி, சத்தம் வராத வழக்கில் குற்றவாளி பெரும்பாலும் ஒலி அடுக்கில் இருக்கும் டிடிஎஸ். பல டிவிகள் அதற்கான உரிமம் வாங்குவதில்லை. விஎல்சி தானே அதை விரித்துக்கொள்ளும் என்பதால் டிவியில் ஊமையான ஃபைல் பெட்டியில் பேசத் தொடங்கும். பட அடுக்கில் 2003-இல் வந்த எச்.264 எல்லாப் பெட்டிக்கும் தெரியும். 2013-இல் வந்த எச்.265 அண்மைக்காலப் பெட்டிகளுக்குத் தெரியும். ஏவி1 இருந்தால் பெட்டியின் வயதைப் பார்க்க வேண்டும்.

சேகரிப்பு நூற்றுக்கணக்கில் பெருகினால் ஜெல்லிஃபின் போன்ற சர்வர் மென்பொருளைக் கணினியில் நிறுவலாம். எம்பி என்ற மென்பொருள் தன் நிரலை மூடியபோது, அதிருப்தியாளர்கள் 2018 டிசம்பரில் பிரித்துக் கொண்டுபோனது இது, முழுக்க இலவசம். படங்களின் சுவரொட்டியை அடுக்கிக் காட்டும், நேற்று எங்கே நிறுத்தினோம் என்பதை நினைவில் வைத்திருக்கும். பெட்டிக்குப் புரியாத ஃபைலை மாற்றியும் தரும். அதன் நிர்வாகப் பக்கத்தில் படம் ஓடும்போது டைரக்ட் பிளே என்று காட்டினால் வேலை பெட்டியில் நடக்கிறது. டிரான்ஸ்கோடிங் என்று காட்டினால் கணினி வியர்க்கிறது. புளூ-ரே வட்டிலிருந்து வந்த பட வடிவச் சப்டைட்டிலைத் தேர்ந்தெடுத்த ஒரே காரணத்துக்காக மொத்தப் படத்தையும் கணினி மாற்ற நேர்வது உண்டு. அதை அணைத்தால் விசிறி அடங்கிவிடும்.

தமிழ்ச் சப்டைட்டில் கட்டம் கட்டமாகவோ புரியாத குறிகளாகவோ வந்தால், அந்த எஸ்ஆர்டி ஃபைலை நோட்பேடில் திறந்து யுடிஎஃப்-8 என்ற முறையில் மறுபடி சேமிக்க வேண்டும். நோட்பேடிலேயே எழுத்து சிதைந்து தெரிந்தால் அது யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்தது; முதலில் எழுத்துரு மாற்றியில் போட்டு எடுக்க வேண்டும். வீடியோவுக்கும் எஸ்ஆர்டிக்கும் ஒரே பெயர் வைத்து ஒரே ஃபோல்டரில் போட்டால் பெட்டி தானாக எடுத்துக்கொள்ளும்.

கல்யாண டிவிடி

இவ்வளவும் செய்த பிறகு வீட்டார் முதலில் கேட்பது சினிமாவாக இருக்காது, பீரோவில் கிடக்கும் கல்யாண டிவிடியாக இருக்கும். அந்த வட்டைக் கணினியில் திறந்தால் வீடியோடிஎஸ் என்ற ஃபோல்டரில் 1 ஜிபிக்கு மிகாத துண்டுகளாக விஓபி ஃபைல்கள் கிடக்கும். அப்படியே பெட்டிக்குக் கொடுத்தால் தாலி கட்டும் நொடியில் ஒரு துண்டு முடிந்து அடுத்ததற்காகத் திரை கறுக்கலாம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் முழு ஃபோல்டரையும் கொடுத்து எச்.264 வகை எம்பி4 ஆக ஒரே ஃபைலாக்குவது நல்லது. ஒவ்வொரு முறையும் ஓட ஓட மாற்றுவதைவிட ஒரே முறை உட்கார்ந்து மாற்றிவிடலாம்.

மாற்றும்போது இரண்டு அமைப்புகளைக் கவனிக்க வேண்டும். நம் ஊர் டிவிடி பால் முறையில், படத்தை ஒற்றை வரி, இரட்டை வரி என்று பிரித்து நொடிக்கு 50 பாதிகளாகப் பதிவு செய்தது. புதிய டிவியில் கைகள் அசையும்போது ஓரங்களில் சீப்புப் பல்போலக் கோடுகள் தெரிவது இதனால்தான். ஹேண்ட்பிரேக்கின் ஃபில்டர் பகுதியில் டீஇன்டர்லேஸை இயக்கினால் மறையும். மற்றது, திரையின் விகிதம். 4:3 படத்தை அகன்ற திரை முழுக்க இழுத்து நிரப்பினால் மாப்பிள்ளையும் பெண்ணும் பத்து கிலோ கூடியதுபோல் தெரிவார்கள். இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருக்கட்டும் என்று விடுவதே சரி.

எழுதத்தக்க டிவிடியின் சாயம் வருடங்கள் போகப் போக மங்கும். வட்டு உள்ளிருந்து வெளிநோக்கிப் படிக்கப்படுவதால் கடைசிப் பகுதி வெளி விளிம்பருகே, விரல் படும் இடத்தில் இருக்கிறது. வட்டு நிறையப் பதிந்திருந்தால், முகூர்த்தம் நன்றாக ஓடிவிட்டு வரவேற்புக்கு வரும்போது படம் உறைவது இப்படித்தான். மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடைத்து, வேறொரு கணினியின் டிவிடி டிரைவிலும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படித்துவிடுவதுண்டு.